ஒரு சாண் உயரத்தில் நின்ற குச்சி

சனிக்கிழமை முற்பகல் 11.42. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கைப்பேசியை எடுத்திருந்தேன், அதனால் நிமிடம் வரை நினைவிருக்கிறது. எனக்கு முன்னால் முப்பதடி தள்ளி என் மகள் ஆதிரை நின்றாள். தானே செய்த நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் அணைத்து, எதிரே இருந்த மண்மேட்டைக் குறிபார்த்து, விசையை இழுத்தாள். டப் என்று சின்னதாக ஒரு சத்தம். அதன் பின்னாலேயே வர வேண்டிய பெரிய சத்தம் வரவில்லை.

கிளம்பியதிலிருந்து சொல்கிறேன்.

டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் எங்கள் வீடு. அன்று காலை 5.50க்குப் புறப்பட்டோம். நவம்பர் குளிர், வெளியே நாற்பத்தோரு டிகிரி ஃபாரன்ஹீட். கணவருக்கு அலுவலகத்தில் சாஃப்ட்வேர் ரிலீஸ், லேப்டாப்பை விட்டு நகர முடியாது. "நீ போறது நல்லதுதான். ஆனா போய் அவளை நோண்டிட்டே இருக்காதே," என்று சொல்லி அனுப்பினார். நான் ஓர் அலுமினியப் பாத்திரத்தில் எலுமிச்சை சாதமும், இன்னொன்றில் தயிர் சாதமும், வறுத்த உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டேன். ஆதிரை துப்பாக்கியைப் பழைய கம்பளியில் சுற்றிப் பின் இருக்கையில் குழந்தையைப் போலக் கிடத்தினாள்.

அவளுக்கு இருபத்துநான்கு வயது. எடிசன் என்ற ஊரில் பிறந்தவள், ஒன்பது வயதில் இங்கே வந்தோம். மெக்கானிக்கல் இன்ஜினியர், டாலஸில் வேலை. போன வருடம் ஒரு பெட்டி வந்தது. அதற்குள் ஓர் இரும்புக் குழாய், கரடுமுரடாக வெட்டிய மேப்பிள் கட்டை, ஒரு பையில் திருகுகள். அன்று முதல் எங்கள் கேம்ரி கார் கராஜுக்கு வெளியே நின்றது. கட்டையை அரத்தால் ராவினாள், உப்புத்தாள் தேய்த்தாள், ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்தாள். பதினான்கு பூச்சு. குழாய்க்குப் பழுப்பு நிறம் வர வேண்டுமென்று ஏதோ ஒரு திரவம் பூசி, விருந்தினர் குளியலறையில் தொங்கவிட்டு, வெந்நீர் ஷவரைத் திறந்து ஆவியில் துருப்பிடிக்க வைத்தாள். காசு கொடுத்து வாங்கிய இரும்பை யாராவது துருப்பிடிக்க வைப்பார்களா என்று கேட்டதற்கு, "தட்ஸ் த ஃபினிஷ், அம்மா" என்றாள். முடிந்த பிறகு பார்த்தேன். பலாச்சுளைக் கொட்டையின் தோல் போல ஒரு நிறம். அழகாகத்தான் இருந்தது, அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் நாமக்கல் பக்கம் நாட்டுத் துப்பாக்கி என்றால் கொல்லிமலையில் போலீஸ் பிடித்த செய்தியாகத்தான் இருக்கும். கருமருந்து என்றால் சிவகாசிச் செய்தி. இரண்டும் என் மகள் கைக்கு ஒன்றாக வரும் என்று நான் நினைத்ததில்லை.

380ஆம் சாலையில் மெக்கின்னி, பிரின்ஸ்டன். பிரின்ஸ்டனில் சாலை வேலை நடப்பதால் இருபது நிமிடம் ஊர்ந்தோம். ஃபார்மர்ஸ்வில்லில் ஒரு டோனட் கடையில் இரண்டு காபி, ஒரு டோனட், 7 டாலர் 10 சென்ட். கிரீன்வில்லில் பெட்ரோல், காலன் 2.79. அங்கே முப்பதாம் நெடுஞ்சாலை ஏறிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அம்மா, ஒன் திங். இன்னிக்கு ஒரு நாள் மட்டும், ப்ளீஸ். அங்க எதுவும் சொல்லாத. சாப்பிட்டியா, ஸ்வெட்டர் போடு, கேர்ஃபுல், எதுவும் வேண்டாம். எவ்ரிபடி தேர் இஸ் லைக் சிக்ஸ்டி. நான்தான் சின்னவ. எம்பரஸ் ஆகுது."

"நான் என்ன சொல்லப்போறேன்?"

"யூ ஆல்வேஸ் சே சம்திங்."

சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் தாண்டி, மவுண்ட் வெர்னனில் இறங்கித் தெற்கே பதினொரு மைல். கடைசி இரண்டு மைல் சரளைக்கல் பாதை. வீட்டிலிருந்து 115 மைல். ஒரு பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில் ஒரு முனையில் உயரமாக மண்ணைக் கொட்டி மேடு கட்டியிருந்தார்கள். சேரும்போது 8.20. சுடுபவருக்கு 25 டாலர், வேடிக்கை பார்ப்பவருக்கு இலவசம். ஏறக்குறைய முப்பது பேர். பாதிப்பேர் தோல் கோட்டும் கம்பளித் தொப்பியுமாகப் பழைய காலத்து வேடர்களைப் போல உடுத்தியிருந்தார்கள், மற்றவர்கள் ஜீன்ஸ்.

அங்கே தமிழ்க் குரல் கேட்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

"வாங்கக்கா, வாங்க. கட்டுச்சோறு வாசம் கேட்டுலயே அடிச்சுதுங்க," என்றபடி வந்தார் செந்தில். உடுமலைக்காரர், பிளேனோவில் டேட்டாபேஸ் வேலை, நாற்பது வயதிருக்கும். ஆதிரைக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே இவர் செய்த துப்பாக்கியைப் பார்த்துத்தான் என்று அங்கேதான் தெரிந்தது. கழுத்தில் மாட்டுக்கொம்பில் செய்த கருமருந்துக் குடுவை தொங்கியது.

"ஊர்ல மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயின்ட் அடிப்போம். நீங்க கொம்பையே கழுத்துல மாட்டிட்டு அலையறீங்களே தம்பி," என்றேன்.

"என் வீட்டம்மாவும் அதையேதானுங்க சொன்னா. அவ இன்னும் கேவலமாச் சொன்னா."

8.45க்கு வேட் என்பவர் எல்லோரையும் கூட்டினார். அந்த இடத்தின் பொறுப்பாளர் அவர்தான். நரைத்த தாடி, பேன்ட்டைப் பிடிக்கும் சிவப்பு சஸ்பெண்டர் வார். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றைத் தமிழில் தருகிறேன். குண்டு திணிக்கும் மேசையில் நிற்பவரிடம் யாரும் பேசக்கூடாது. கட்டிய மனைவியானாலும் சரி. கேப் என்கிற சின்னப் பித்தளைத் தொப்பியை, சுடும் கோட்டுக்குப் போன பிறகுதான் வைக்க வேண்டும். தீபாவளித் துப்பாக்கியில் வைக்கும் பொட்டுக் கேப்புக்கு அது அண்ணன். சுத்தியல் அதன்மேல் விழுந்ததும் பொறி கிளம்பி உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். கடைசியாக, ஏதாவது தவறாகத் தெரிந்தால் இங்கே இருக்கும் யார் வேண்டுமானாலும் 'சீஸ் ஃபயர்', அதாவது சுடுவதை நிறுத்து, என்று குரல் கொடுக்கலாம், வேடிக்கை பார்க்க வந்தவர் உட்பட. நான் தலையாட்டினேன். எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

9.30க்கு முதல் சுற்று. வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய மஞ்சள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அளந்த மருந்தைக் குழாய் வாயில் கொட்டினாள். எண்ணெய்த் துணித்துண்டில் ஈயக்குண்டை வைத்து அழுத்தினாள். ராம்ராட் என்கிற நீளக் குச்சியால் அதைக் கீழே தள்ளினாள். குச்சி அடிவரை போனதும் குழாய்க்கு மேல் நான்கு விரல்கடை நீட்டிக்கொண்டு நிற்கும். உருவி எடுத்துக் கோட்டுக்குப் போனாள். வெடிச்சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. வெள்ளைப் புகை அவளை மூடி, விலகியதும் முழு முகமும் தெரிந்தது. அது தெரியும்வரை நான் மூச்சு விடவில்லை. இப்படி ஐந்து முறை. ஐந்து முறையும் நான்கு விரல்.

10.30க்குக் காபி குடிக்கும்போது செந்திலிடம் கேட்டேன், "அந்தக் குச்சிய எதுக்கு இந்தக் குத்துக் குத்தறீங்க?"

"குண்டு போயி மருந்து மேல உக்காரணும்ங்க அக்கா. நடுவுல காத்து நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா குண்டு போறதுக்கு முன்னால குழாய் போயிரும்." கையை முகத்தின் பக்கத்தில் விரித்துக் காட்டினார். "இந்தப் பக்கமா."

"அது போய்ச் சேர்ந்துருச்சான்னு எப்படித் தெரியும்?"

"குச்சில ஒரு கோடு போட்டு வெச்சுக்குவோம். உங்க பொண்ணுதான் போடமாட்டேங்கறா. பாலிஷ் போயிருமாம். கல்யாணப் பொண்ணு கையில ஊசி குத்தற மாதிரி அழறா."

ஆதிரை நாக்கைத் துருத்திக் காட்டினாள். அன்று அவளுக்கு ஐந்தில் நான்கு நன்றாக விழுந்திருந்தது. இரண்டாம் சுற்றுக்காக ஈரத்துணியை விட்டுக் குழாயைத் துடைத்தாள். பிறகு இன்னொரு ஈரத்துணி, இன்னொன்று. அவளுக்குச் சுத்தம் அதிகம்.

11.35க்கு மறுபடி மேசைக்குப் போனாள். மருந்து போட்டாள். குண்டு இந்த முறை இறுக்கமாக இறங்கியது போலிருந்தது, குச்சியை இரண்டு கையாலும் அழுத்தினாள். காலையில் ஒரு டோனட்டைத் தவிர அவள் எதுவும் சாப்பிடவில்லை. இந்தச் சுற்று முடிய ஒரு மணி ஆகிவிடும். சுட்டுக்கொண்டிருப்பவர் யாரும் அப்போது இல்லை. அவளுடைய காதடைப்பான் கழுத்தில்தான் கிடந்தது. நான் கயிற்றருகே போனேன்.

"கண்ணு, உனக்கு லெமன் ரைஸ் எடுத்து வைக்கட்டுமா, தயிர் சாதமா?"

அவள் திரும்பினாள். கை குச்சியின்மேல் இருந்தபடியே முகம் மட்டும் திரும்பியது.

"அம்மா. நாட் நௌ."

"இல்ல, செந்தில் தம்பிக்கும் போடணும், அளவு தெரியணுமில்ல."

"எனிதிங். எதையாவது வை. போ, ப்ளீஸ்."

பக்கத்து மேசைக்காரர் எங்களைப் பார்த்தார். அவள் முகம் சிவந்தது. குச்சியை உருவி மேசையில் போட்டாள், காதடைப்பானை மாட்டினாள், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு நடந்தாள். நான் காருக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து, மணி என்ன என்று பார்த்தேன். நிமிர்ந்தபோது அந்த டப்.

வெடிக்காமல் போனால் அப்படியே ஒரு நிமிடம் மேட்டைப் பார்த்துப் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. உள்ளே பொறி தூங்கிக்கொண்டிருக்கலாம், தாமதித்து வெடிக்கலாம். அவள் அப்படியே நின்றாள். ஒன்பது பவுண்ட் எடை. அவளுக்கு அடுத்த இடத்தில் செந்தில்.

"உள்ள ஈரம் புகுந்திருக்கும். ஒரு நிமிஷம் ஆகட்டும், இன்னொரு கேப் போட்டு அடி," என்றார் அவளுக்குக் கேட்கும்படி உரக்க. அது தப்பான யோசனை இல்லையாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். பிறகு சொன்னார்கள்.

நான் கயிற்றை நோக்கி நடந்தேன். ஏதோ ஒன்று சரியில்லை, என்னவென்று தெரியவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தபோது என்ன பார்த்தேன்? கோபம். கண். காதோரம் விலகிய முடி. முடிக்குப் பக்கத்தில் அவள் கை, கைக்குள் குச்சி. குச்சியின் நுனி அவள் காதுக்கு நேராக இருந்தது. காலையில் ஐந்து முறையும் அது அவள் தோளுக்குக் கீழே அல்லவா போய் நின்றது? நான்கு விரல் இல்லை. ஒரு சாண். ஒரு சாணுக்கும் மேல்.

இல்லை, பயத்தில் நானே அளவைக் கூட்டுகிறேனோ? பேசி முடித்த பிறகு மறுபடி அழுத்தியிருப்பாளோ? அவள் நேராக உருவி எடுத்தது போலத்தான் ஞாபகம். போல. முப்பது பேர் முன்னால், எதுவும் தெரியாத ஒருத்தி, ஏற்கெனவே ஒரு முறை மகளின் மானத்தை வாங்கியவள். அவள் காரில் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

ஆதிரை இடுப்புப் பையில் கைவிட்டுப் புதிய கேப்பை எடுத்தாள்.

"ஆதிரை, வேண்டாம் கண்ணு," என்றேன். காதடைப்பான் போட்டவளுக்கு அது எப்படிக் கேட்கும்? பழைய கேப்பை நகத்தால் நெம்பி எறிந்தாள். புதியதை வைத்தாள். துப்பாக்கி தோளுக்கு ஏறியது.

"சீஸ் ஃபயர்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வேட் திரும்பிக்கூடப் பார்க்காமல், யார் என்று கேட்காமல், அதே சொல்லை என்னைவிட மூன்று மடங்கு சத்தமாகச் சொன்னார். கோடு முழுவதும் அசைவு நின்றது. ஆதிரையின் விரல் விசையிலிருந்து விலகியது.

வேட் முதலில் அவளிடம் போய், குழாய் மேட்டைப் பார்த்திருக்க, கேப்பை எடுக்க வைத்து, துப்பாக்கியை மணல்மூட்டைமேல் படுக்க வைத்தார். எல்லோரையும் கயிற்றுக்குப் பின்னால் அனுப்பினார். பிறகு என்னிடம் வந்தார்.

"என்ன பார்த்தீங்க?"

குச்சி உயரமாக நின்றது என்றேன். எவ்வளவு என்றார். கையை விரித்துக் காட்டினேன். அவள் சரியாகத் தள்ளாமல் விட என்ன காரணம் என்றார். ஆதிரை அவருக்குப் பின்னால் நின்றாள், முகத்தில் வெறும் எரிச்சல். என்னைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை, அவளுக்கே அது நினைவில்லை போல. சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"நான் அவளிடம் பேசினேன். அவள் திணித்துக்கொண்டிருக்கும்போது. சாப்பாடு பற்றி," என்றேன்.

வேட் துப்பாக்கியிடம் திரும்பிப் போனார். ஐந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு பக்கவாட்டில் நின்று, உள்ளங்கை குழாய் வாய்க்கு நேரே வராமல், இரண்டு விரலால் மட்டும் குச்சியை உள்ளே விட்டார். போயிற்று, போயிற்று, நின்றது. வெளியே ஒரு சாணும் நான்கு விரலும் நீட்டிக்கொண்டிருந்தது.

செந்தில் தொப்பியைக் கழற்றினார். "அக்கா, நான்தானுங்க இன்னொரு கேப் போடச் சொன்னேன்," என்றார். அதையே இரண்டு மூன்று முறை சொன்னார்.

குண்டு வழியிலேயே சிக்கி, அதற்குக் கீழே காற்றும், காற்றுக்குக் கீழே மருந்தும். அதைக் குச்சியால் தள்ளவும் வேட் விரும்பவில்லை. காற்றழுத்தத்தால் குண்டை வெளியே துப்ப வைக்கும் கருவி டார்லீன் என்பவரிடம் இருக்கிறது, அவர் ஐஸ் வாங்க மவுண்ட் வெர்னன் போயிருக்கிறார் என்றார். போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. காத்திருக்க வேண்டியதுதான். மணி 12.05. யாரும் சுடவில்லை. தரையில் அசையாமல் படுத்திருக்கும் ஒரு பாம்பைச் சுற்றி நிற்பது போல, முப்பது பேரும் அந்தத் துப்பாக்கியை விட்டுத் தள்ளி நின்றார்கள்.

நானும் ஆதிரையும் கார் டிக்கியைத் திறந்து அதன் விளிம்பில் உட்கார்ந்தோம். இருவருக்கும் நடுவில் திறந்த பாத்திரம். அவள் பாத்திரத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஒய் ரைஸ், அம்மா? அந்த நேரத்துல ஒய் ரைஸ்?"

எங்கள் வீட்டில் ஏணிமேல் ஏறி பல்பு மாட்டுகிறவரிடம் கீழே நின்று காபி வேண்டுமா என்று கேட்போம். நெடுஞ்சாலையில் தடம் மாறுகிறவரின் வாயில் முறுக்கை நீட்டுவோம். வேலை செய்கிறவரைத் தனியாக விடுவது மரியாதைக் குறைவு என்றுதான் நான் வளர்ந்தேன். இங்கே முப்பது பேர் ஒருவரையொருவர் தனியாக விடுவதையே மரியாதையாக வைத்திருக்கிறார்கள். காலையில் அது எனக்கு அன்பில்லாத வழக்கமாகப் பட்டது.

"சாரி கண்ணு," என்றேன்.

அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கன்னத்தை அந்தக் கையால் தொட்டாள். துப்பாக்கியின் கட்டை படும் கன்னம். "மை ஃபேஸ் வாஸ் ரைட் தேர்," என்றாள். நான் தோளைத் தொட்டேன். விலகவில்லை, சாயவும் இல்லை.

12.58க்குச் சரளைப் பாதையில் ஒரு வெள்ளை பிக்கப் வண்டி வந்தது. அறுபது வயதிருக்கும் பெண் இறங்கினார், சேறு படிந்த பூட்ஸ், காதில் பென்சில். வேட் நான்கு வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னார். டார்லீன் எதுவும் கேட்காமல் கருவிப்பெட்டியிலிருந்து சைக்கிள் பம்பை விடச் சின்னதாக ஒன்றை எடுத்தார். ஆதிரையை மட்டும் கூட வரச் சொன்னார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கருவியைக் கேப் வைக்கும் இடத்தில் பொருத்தி அழுத்தினார். புஸ். பத்தடி தூரத்தில் புல்லில் ஈயக்குண்டு விழுந்தது. அவ்வளவுதான் சத்தம். பிறகு துப்பாக்கியைத் தலைகீழாகச் சாய்த்து, ஒரு காகிதத் தட்டைக் குழாய் வாய்க்குக் கீழே ஏந்தித் தட்டினார். உள்ளே தங்கியிருந்த மருந்து மளமளவென்று கொட்டியது, கடைசியில் மட்டும் ஈரமாக ஒரு சின்னக் கட்டி. டார்லீன் கட்டியைத் தள்ளிவிட்டு, மற்றதை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். பொடி காய்ந்த கடுகு போல உதிர்ந்தது.

"அடி மட்டும்தான் ஈரம். அந்த முதல் கேப்பே அதைக் காயவெச்சிருக்கும்," என்றார் ஆதிரையிடம், ஆங்கிலத்தில், மெதுவாக. "ரெண்டாவது கேப்புக்கு இது வெடிச்சிருக்கும்."

தட்டை வேட்டிடம் கொடுத்துவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்தார். அப்போதுதான் கயிற்றுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"யாராவது அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி கொண்டு வாங்க," என்றார். "கயித்தை விட்டா விழுந்துருவாங்க."